ஹாங் ஆகாத கம்ப்யூட்டர்

பாபநாசத்தில் முதன்முதலாக எஸ்.எஸ்.டி. போட்டவன் நான்தான். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று இருந்தது. மொத்தம் பத்தொன்பது நாள்.

2012 கோடை. ரயிலடிக்குப் போகிற தெருவில் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. சென்னைக்குச் சாமான் எடுக்கப் போனபோது ரிச்சி தெருவில் ஒருவன் இந்தப் புது டிஸ்க்கைக் காட்டினான். கம்ப்யூட்டரை ஆன் செய்து அவன் கையை எடுப்பதற்குள் திரை வந்து நின்றது. நான் மயங்கிவிட்டேன். இரண்டு வாங்கிக்கொண்டு ஊர் வந்தேன். ஒவ்வொன்றும் அறுபத்து நாலு ஜிபி. அதே விலைக்கு ஐந்நூறு ஜிபி ஹார்டு டிஸ்க் கிடைக்கும் என்பதைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் எனக்கு ஞாபகப்படுத்தினார்கள்.

ரைஸ்மில்காரரிடம் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

"கையில வெயிட்டே இல்லையே பாய். உள்ள என்னதான் இருக்கு?"

"வெறும் சிப்புதாங்க. சுத்துறது எதுவும் கிடையாது."

"சுத்தாம எப்படிங்க ஓடும்?"

பம்ப்செட்டையும் மில் மோட்டாரையும் வைத்துப் பிழைக்கிற மனுஷன். சுற்றாதது அவருக்கு ரிப்பேர். அவரிடம் நான் என்ன விளக்கம் சொல்ல? டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைசியில் வாங்கியவர் பத்திர எழுத்தர் நெடுஞ்செழியன். ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே இரண்டு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். இருபத்தாறு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறார். கிரயம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை எதுவாக இருந்தாலும் சர்வே நம்பர், நான்கெல்லை எல்லாம் அச்சுப் பிசகாமல் இருக்கும். இதுவரை தன் பத்திரம் ஒன்றுக்குக்கூடப் பிழைத்திருத்தல் எழுத நேர்ந்ததில்லை என்பதை வாரத்துக்கு ஒருமுறையாவது யாரிடமாவது சொல்லிவிடுவார். பொறுமை மட்டும் சுத்தமாகக் கிடையாது. பஸ் நிற்பதற்கு முன்பே இறங்குகிற ஆள்.

அவருடைய பழைய கம்ப்யூட்டரை எனக்கு நன்றாகத் தெரியும். அது கண் விழிக்க நாலரை நிமிஷம். பழைய ஃபைல் ஒன்றைத் திறக்க இன்னும் இரண்டு. நடுவில் ஹார்டு டிஸ்க் கரகரவென்று எதையோ அரைக்கும். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதிரே பார்ட்டிகள் உட்கார்ந்திருப்பார்கள். டீ வரும். டீ குடிக்கிறபோது யாராவது ஒருவர் வாயைத் திறப்பார். "மாமா, அந்தத் தென்னமரம் ரெண்டையும் நீங்களே வச்சுக்குங்க" என்று ஒரு குரல். "எனக்கெதுக்குடா தென்னமரம்" என்று இன்னொரு குரல். கம்ப்யூட்டர் எழுந்து வருவதற்குள் பாதிச் சண்டை உட்கார்ந்துவிடும்.

மீதிச் சண்டைக்கு நெடுஞ்செழியன் ஒரு வழி வைத்திருந்தார். இது ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். பார்ட்டிகள் வீம்புக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் இரண்டு பக்கமும் மனசில்லை என்று பட்டால், மேசைக்கு அடியில் காலால் சிபியூவை ஒரு தட்டுத் தட்டுவார். "அடடா, ஹாங் ஆயிடுச்சுங்க. இன்னிக்கு நடக்காது. திங்கக்கிழமை வாங்க." திங்கட்கிழமை பத்துப் பேரில் ஆறு பேர் வர மாட்டார்கள். எழுத்துக்கூலி போனதே என்று அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் பார்ட்டிகள் நம்ப வேண்டுமே, அதற்காக எனக்குப் போன் போடுவார். நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, சிபியூவைத் திறந்து, ஒரு பழுதும் இல்லாத மெஷினுக்குள் முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்ப்பேன். "டிஸ்க்கு போயிட்டிருக்குண்ணே" என்பேன். நாலைந்து தடவை இந்த நாடகத்தில் நடித்திருக்கிறேன். டீ ஒன்றுதான் சம்பளம்.

இப்படிப்பட்ட மனுஷன் எதற்கு வேகமான டிஸ்க் வாங்கினார் என்று கேட்பீர்கள். மெஷின் மெதுவாக இருந்ததால்தான் ஜனங்கள் சமாதானமானார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தன் பேச்சுச் சாமர்த்தியத்தால் ஆனார்கள் என்று நினைத்திருந்தார். எனக்கும் அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் விற்றிருப்பேன், அது வேறு விஷயம்.

டிஸ்க்கை மாட்டி, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றி, பட்டனை அழுத்தினேன். பதினெட்டு விநாடி. நெடுஞ்செழியன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னார். பதினேழு. மறுநாளே வாசலில் ஒரு போர்டு தொங்கியது: 'பத்தே நிமிடத்தில் பத்திரம். எங்கள் கம்ப்யூட்டர் ஹாங் ஆகாது.' கும்பகோணத்திலிருந்துகூட ஆட்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். அந்த மூன்று வாரத்தில் அவர் எழுதிய பத்திரங்கள் எத்தனை என்று எனக்குத் தெரியாது. எழுத வந்து எழுதாமல் திரும்பியவர் ஒருவர்கூட இல்லை என்பது மட்டும் தெரியும்.

பத்தொன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. அதைச் சொல்வதற்கு முன் அவர் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தம்பி செல்லத்துரை சொந்தக் கிராமத்தில் விவசாயம் பார்க்கிறார். இவர்களுடைய அப்பா ஒரு காலத்தில் பண்ணையில் கூலி வேலை செய்தவர். பிறகு சிறுகச் சிறுக வாங்கிச் சேர்த்தது ஒன்பது மா நிலம், கிட்டத்தட்ட மூன்று ஏக்கர், ஒரே கட்டாக. அப்பா போனபோது தம்பிக்குப் பதினான்கு வயது. படிக்க வைத்தது, கல்யாணம் செய்து வைத்தது எல்லாம் அண்ணன்தான். நிலத்தைப் பிரிக்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றியதில்லை. தம்பி உழுவார், அண்ணனுக்கு நெல் மூட்டை வரும், எத்தனை மூட்டை என்று அண்ணன் எண்ண மாட்டார்.

செல்லத்துரை மகள் கனிமொழிக்குக் காதணி விழா வைக்க நாள் குறித்தார்கள். அழைப்பிதழை அடித்தது தாய்மாமன், பட்டுக்கோட்டைக்காரர். அதில் தாய்மாமன் பெயர் மேலே பெரிதாகவும், பெரியப்பா நெடுஞ்செழியன் பெயர் கீழே சின்னதாகவும் இருந்தது. எழுத்தையே தொழிலாக வைத்திருக்கிற மனுஷன். எந்தப் பெயர் எதற்கு முன் வர வேண்டும் என்று ஊருக்கே சொல்லிக்கொடுப்பவர். அவர் அழைப்பிதழைப் பார்த்துவிட்டுச் சொந்தக்காரர்கள் நடுவில், "இனிமே நீ தனி, நான் தனி. பாகத்தைப் பிரிச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டார். தம்பிக்கும் ரோஷம். "பிரிச்சுக்கலாம்" என்றார். அச்சாகி வந்த பிறகுதான் தானும் பார்த்ததாகச் செல்லத்துரை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அண்ணன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பத்தே கால் மணிக்கு நான் அங்கே இருந்ததற்குக் காரணம் பக்கத்து ஜெராக்ஸ் கடை வளவன். என்னிடம் மிச்சமிருந்த இரண்டாவது டிஸ்க்கை வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக இழுத்துக்கொண்டிருந்தான். நெடுஞ்செழியன் கம்ப்யூட்டரில் நேரில் ஓட்டிக் காட்டலாம் என்று கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே போனால் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நிற்கிறார்கள்.

"வாங்க, உட்காருங்க" என்றார் அண்ணன், தம்பியைப் பார்த்து.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'டா' இல்லாமல் அண்ணன் பேசி செல்லத்துரை பிறந்ததிலிருந்து கேட்டிருக்க மாட்டார். அவரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

நெடுஞ்செழியன் பட்டனை அழுத்திவிட்டுப் பழக்க தோஷத்தில் நாற்காலியில் சாய்ந்தார். மின்விசிறியைப் பார்த்தார். "நாலு டீ" என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். குனிந்தால் திரை தயாராக நிற்கிறது. கூப்பிடாமல் உள்ளே வந்த ஆளைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார்.

பாகப்பிரிவினைக்கு அவரிடம் மாதிரி ஃபைல் ஒன்று உண்டு. அதன்மேல் வைத்து அழுத்தினார். திறந்துவிட்டது. பெயர்களை அடித்தார். சர்வே நம்பரை அடித்தார். 'சக்குபந்தி' என்று நான்கெல்லை போடுகிற இடம் வந்தது.

"அண்ணே, அந்த மேக்கால வாய்க்கா..." என்று செல்லத்துரை ஆரம்பித்தார்.

"என்ன?"

"இல்ல. ஒண்ணுமில்ல."

பழைய மெஷினாக இருந்தால் அது இன்னும் முதல் இருமல் இருமிக்கொண்டிருக்கும். அந்த 'ஒண்ணுமில்ல' என்ன என்று கேட்க நேரம் இருந்திருக்கும். இங்கே பத்திரம் கடைசிப் பாராவுக்கு வந்துவிட்டது. காலையிலேயே வாங்கி வைத்திருந்த முத்திரைத்தாளைப் பிரிண்டரில் வைத்தார். விரல் பிரிண்ட் கொடுக்கப் போய் அப்படியே நின்றது.

என் பக்கம் திரும்பினார்.

"ஏன் ஹஸ்ஸானு, இந்த எஸ்.எஸ்.டி. ஹாங் ஆவுமா?"

நிறுத்தி நிதானமாகக் கேட்டார். கண்ணை என் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. மேசைக்கு அடியில் அவருடைய கால் சிபியூமேல் இருந்தது. நான் பார்த்தேன். அல்லாஹ்வுக்குப் பொதுவாகச் சொல்கிறேன், அந்தக் காலைப் பார்த்தேன்.

ஆனால் என் பக்கத்தில் வளவன் நின்றுகொண்டிருந்தான்.

"ஹாங்கா? என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க. ஹார்டு டிஸ்க்குதான் ஹாங் ஆவும். இது ஆவவே ஆவாது."

"ஆவவே ஆவாதா?"

"மூணு வருஷம் கேரண்டிண்ணே."

"புது சாமான். சின்னதா ஏதாவது சிக்கல்..."

"சான்சே இல்ல!"

மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் மார்தட்டிக்கொண்டு பதில் சொன்னேன். செல்லத்துரையும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப எனக்கும் ஒண்ணு போட்டுருங்க பாய்" என்றான் வளவன். வியாபாரம் முடிந்த சந்தோஷத்தில் நான் சிரித்தேன். நெடுஞ்செழியன் பிரிண்ட் கொடுத்தார். தாள்கள் வெளியே வந்து சூடு ஆறிய பிறகுதான் டீ வந்தது.

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். கடையில் இருந்ததே நானும் வளவனும்தான். கையெழுத்துப் போட்டோம்.

எதிரே ஆபீசிலாவது கொஞ்சம் காத்திருக்க நேர்ந்திருக்கலாம். சாதாரண நாளில் அங்கே ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். அந்த நேரத்தில் நிலத்தை எழுதிக்கொள்ள இந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் வர மாட்டார்கள். இவர்களோ கறுப்புச் சட்டை போட்ட அப்பாவுக்குப் பிறந்தவர்கள். ராகு காலம், எமகண்டம் எதுவும் அந்த வீட்டுக்குள் வந்ததில்லை. ஆபீஸ் காலியாக இருந்தது. போனதும் கூப்பிட்டுவிட்டார்கள்.

"ரெண்டு பேருக்கும் சம்மதந்தானே?" என்று அதிகாரி கேட்டார்.

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்த்தார்.

"அண்ணனுக்குச் சம்மதம்னா எனக்குச் சம்மதங்க" என்றார் செல்லத்துரை.

"அவருக்குச் சம்மதம்னா எனக்கும்" என்றார் நெடுஞ்செழியன்.

இரண்டு சம்மதம் என்று எடுத்துக்கொண்டார் அதிகாரி. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கைரேகை, போட்டோ எல்லாம் முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது ஜும்ஆவுக்குப் பாங்குகூடச் சொல்லவில்லை. செல்லத்துரை பைக்கை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்.

நானும் நெடுஞ்செழியனும் டீக்கடை வாசலில் நின்றோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணே, நீங்க கேட்டப்ப நான்..."

"விடு" என்றார். "ஊரான் வீட்டுச் சண்டைக்கெல்லாம் நான் பொய் சொல்லியிருக்கேன் ஹஸ்ஸானு. என் வீட்டுச் சண்டைக்கு ஒரு பொய் சொல்ல ஆள் இல்லாமப் போச்சு."

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. இவ்வளவு காலம் டீக்குப் பொய் சொன்னவன், தேவைப்பட்ட நாளில் உண்மை பேசித் தொலைத்திருக்கிறேன். அதுவும் ஒரு டிஸ்க் விற்பதற்காக.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வயலுக்கு நடுவில் வரப்புப் போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இன்னும் வரப்பு விழவில்லை. பத்திரம் காகிதத்தில்தான் இருக்கிறது. வரப்பு விழுந்தால் ஊர் பார்க்கும், தண்ணீர் தனியாகப் பாயும், அடுத்த வருஷம் இரண்டு நாற்றங்கால் வரும். விழாமல் இருந்தால் காதணி விழா வரைக்கும் நாள் இருக்கிறது. பிள்ளைக்குக் காது குத்துகிற இடத்தில் யார் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்? ஒரு பொய், ஒரே ஒரு நல்ல பொய் போதும். ஞாயிறு காலையில் வண்டியை எடுத்தேன். வழி முழுக்க அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

வயல் காய்ந்து வெடித்துக் கிடந்தது. அண்ணன் வடக்கு முனையிலும் தம்பி தெற்கு முனையிலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் மருதையன், மண்வெட்டியோடு. அந்த ஊரில் வரப்பு வெட்டுவதில் கெட்டிக்காரர், வெயிலில் நிற்க வைத்தால் கோபக்காரர்.

"கயித்த ஏண்ணே உங்க பக்கமே தள்ளுறீங்க? எனக்குக் கூட வருது பாருங்க" என்று கத்தினார் தம்பி.

"வந்தா வரட்டும்டா. பயிர் வைக்கிறவன் நீதானே."

"வேணாம். இந்தப் பக்கம் நவுத்துங்க."

"ஒரு முழத்துல நான் என்னடா மாளிகையா கட்டப்போறேன்?"

'டா' திரும்பி வந்துவிட்டது! எனக்குக் கையும் காலும் பரபரத்தன. ஊரில் வரப்பை அடுத்தவன் பக்கம் தள்ளுவதற்காக வெட்டுக்குத்து நடந்து பார்த்திருக்கிறேன். தன் பக்கம் தள்ளிக்கொள்ளச் சண்டை போடுகிற ஆட்களை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"மூணு தடவ கயித்த மாத்தியாச்சு" என்றார் மருதையன். "வெட்டவா, வீட்டுக்குப் போவவா? பத்திரத்துல என்னதான் போட்டிருக்கு?"

இதுதான் சமயம். வரப்பில் ஓடி அவர்கள் நடுவில் போய் நின்றேன்.

"வெட்டாதீங்க! பத்திரத்துல தப்பு இருக்கு."

இரண்டு முனையிலும் கயிறு தொய்ந்தது.

"அளவு மாறியிருக்குண்ணே. அந்த டிஸ்க்கு சரியில்ல. ரொம்ப வேகமா ஓடுறதால நம்பரு எடம் மாறிடுதாம். சென்னையிலேருந்து போன் வந்துச்சு. சாட்சிக் கையெழுத்துப் போட்டவன், சொல்லணும்ல? எல்லாத்தையும் பார்த்துத் திருத்த ஒரு மாசமாவது ஆவும். அதுவரைக்கும் வரப்புல கை வைக்கக் கூடாது."

என் சரக்கை நானே குப்பை என்று சொல்லிவிட்டேன். வளவன் காதில் விழுந்தால் டிஸ்க்கைத் திருப்பிக்கொண்டு வந்து என் தலையில் அடிப்பான். பரவாயில்லை. நெடுஞ்செழியன் முகத்தையே பார்த்தேன். அவருக்குப் புரிந்திருக்கும், புரியாமல் இருக்காது, இந்த வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தானே என்று நம்பினேன்.

அவர் முகம் சிவந்தது.

"எதுல தப்பு?"

"பத்திரத்துலண்ணே."

"நான் எழுதின பத்திரத்துலயா?"

"அண்ணே, மெஷின்லதான்..."

"மெஷினு என்ன மெஷினு! எழுத்தெழுத்தா நான் படிச்சுப் பார்த்துக் கையெழுத்து வாங்கினது. இருபத்தாறு வருஷத்துல ஒரு பிழைத்திருத்தல் கெடையாது. என் சொந்தப் பத்திரத்துலயா தப்பு வரும்?"

நான் பதறிப்போய்த் தம்பி பக்கம் திரும்பினேன். செல்லத்துரை கயிற்றைக் கீழே போட்டுவிட்டு என்னை நோக்கி விறுவிறுவென்று வந்துகொண்டிருந்தார். அவரை அவ்வளவு கோபமாக நான் பார்த்ததே இல்லை.

"பாய், யாரைப் பார்த்து என்ன பேசுறீங்க? எங்கண்ணன் எழுதினா எழுதினதுதான். அவரு பத்திரத்துல ஒரு புள்ளி தப்பா இருக்கும்னு ஜில்லாவுல எவனாவது சொல்லுவானா? கேட்டுக்கிட்டு நிக்கிறதுக்கு நான் என்ன செத்தா போயிட்டேன்?"

நெடுஞ்செழியன் தம்பியையே பார்த்தார். துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதோ கட்டிப் பிடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று ஒதுங்கி நின்றேன்.

செல்லத்துரை குனிந்து கயிற்றை எடுத்தார். இடுப்பில் செருகியிருந்த பத்திர நகலைப் பிரித்து அளவைப் பார்த்தார். முழத்துக்கு முழம் அளந்துகொண்டே போய், அண்ணன் எழுதியிருந்த இடத்தில் இம்மி பிசகாமல் முளையை அடித்தார். நிமிர்ந்து மருதையனைப் பார்த்தார்.

"எங்கண்ணன் எழுதினபடியே வெட்டுங்க" என்றார்.

மருதையன் உள்ளங்கையில் எச்சிலைத் துப்பித் தேய்த்துக்கொண்டு மண்வெட்டியை ஓங்கினார்.